வலைக்கு ஒரு வீடு

அருமையக்காவுக்கு நாற்பத்துமூன்று வயதாகும் வரைக்கும் சொந்தமாக ஒரு கதவு இருந்ததில்லை. வீடு வாசல் இல்லாமல் அலைந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். குருநகரில் தகப்பன் வீட்டில் இருந்தார். தகப்பன் போன பிறகு தமக்கை வீட்டில் இருந்தார். தமக்கையின் பிள்ளைகள் வளர்ந்து இடம் நெருக்கமானதும் றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி சிமியோன் வீட்டுக்கு வந்தார். எந்த வீட்டிலும் அடுப்பு அவருடையது, பிள்ளைகளின் மூக்குச்சளி அவருடையது, கதவு மட்டும் வேறு யாருடையதோ. இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் மா அரித்துக்கொண்டே அவர்தான் சொன்னார்.

"எனக்கு ஒரு அறை காணும், பத்மா. றோட்டைப் பாத்த அறையெண்டால் இன்னும் நல்லம், முன்னுக்கு அடுப்பை வைச்சு அப்பம் சுடலாம். ஆனால் உள்ளுக்கை நிண்டு நான் கதவுக்குத் திறாங்கு போடவேணும். இவ்வளவு காலமும் வெளியிலை நிண்டு தட்டினது முழுக்க நான்தானே."

"வேறை ஒண்டும் வேண்டாமோ?" என்றேன்.

"வேறை என்னத்துக்கு?" என்று அரிதட்டைத் தட்டினார்.

நான் பத்மாசினி. திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டிப் பலாலி வீதியில் கொஞ்சம் வடக்கே போனால் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலை இருந்தது. அதில் பதினொரு வருசம் ரைப்பிஸ்ட்டாக இருந்தேன். கலியாணம் கட்டவில்லை, அதற்காக யாரும் பெருமூச்சு விடத் தேவையில்லை. எண்பத்தேழில் சண்டை வந்து எண்ணெயும் வராமல் ஆட்களும் வராமல் போக, முத்துக்குமாரு முதலாளி தொழிற்சாலையை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போனார். எங்கள் வீடு எதிர்ப்பக்கம் என்பதால் சாவியை என் கையில் தந்து, "பிள்ளை, ஒரு கண் வைச்சிரும்" என்றார். மூன்று வருசம் நான் அந்தப் பூட்டுக்குக் கண் வைத்தேன். உள்ளே பாம்பும் கீரியும் சுகமாகக் குடும்பம் நடத்தின.

தொண்ணூறாம் ஆண்டு கோட்டைப் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கியதும் குருநகர்ச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டது. அதில் ஒரு கூட்டத்தை அவர்களுடைய தேவாலயத்துச் சுவாமியார் எங்கள் வாசலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சைக்கிள், பாய், கோழி, தையல் மெசின், வலை. ஆம், கடலுக்கு மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், தள்ளி வந்தும் வலையை விடவில்லை. நான் பூட்டைத் திறந்தேன். முதலாளிக்குத் தகவல் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அவருடைய கடிதம் வந்தது. "பாம்பு இருக்கிற இடத்தில் மனிதர் இருக்கட்டும். வீடு கட்டுவதென்றாலும் கட்டட்டும். எனக்கு இனி அங்கே சவர்க்காரம் காய்ச்சும் எண்ணமில்லை" என்று எழுதி, காணியைச் சுவாமியாரின் பொறுப்பில் விட்டிருந்தார். அந்த மனிசனை நான் பதினொரு வருசம் கஞ்சன் என்று நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன்.

இருபத்துமூன்று குடும்பம். சவர்க்காரம் காயவைக்கும் பெரிய மண்டபத்தில் சேலைகளைக் கட்டி மறைத்து இருந்தார்கள். அருமையக்காவை முதலில் நான் கண்டது அங்கேதான். வந்த அன்றே மூன்று கல்லை வைத்து, எல்லாருக்கும் ஒரே உலையில் சமைக்கத் தொடங்கியிருந்தார். நான் சைவம். மீன் குழம்பு கொதித்த மணம் றோட்டைக் கடந்து எங்கள் சாமியறைக்குள் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு நேரே போய், "இது என்ன மணம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உதிலை நீர் எத்தினை வருசம் வேலை செய்தனீர்?"

"பதினொண்டு."

"எலும்புக் கொழுப்புக் காய்ச்சேக்கை உமக்கு என்ன, மல்லிகைப்பூ மணமே வந்தது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. மறுநாள் எனக்கென்று புறம்பாக ஒரு சட்டியில், மீன் கரண்டி படாமல், பூசணிக்காய்க் கறி வைத்துக் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் விடவில்லை.

கார்த்திகையில் முதல் பெருமழை பெய்தது. காலையில் எழும்பிப் பார்த்தால் தொழிற்சாலை முற்றம் முழுக்க நுரை! முழங்கால் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நுரை. பிள்ளைகள் உருண்டார்கள், பெண்கள் உடுப்பைக் கொண்டோடி வந்தார்கள், சுவாமியார் வெள்ளை அங்கியோடு வழுக்கிக் கிணற்றடி வரைக்கும் இருந்தபடியே போனார். எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்க, அருமையக்கா மட்டும் நுரை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு போனார். காய்ச்சும் கொட்டிலின் நிலத்துக்குக் கீழே பழைய வாய்க்கால் ஒன்று இருந்தது. அது நிறைய இருபது வருசச் சவர்க்காரம் வழிந்து இறுகிக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் சவர்க்காரத்துக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சாமான் ஒன்றும் வராத காலம். ஒரு துண்டு சவர்க்காரத்தை நூலால் நாலாக அறுத்துப் பாவித்த காலம்.

"பத்மா, இதை வைச்சு ஒரு ஊரே கட்டலாமடி" என்றார்.

நான் அதை விசர்க்கதை, பைத்தியக்காரப் பேச்சு, என்று நினைத்தேன். ஆனால் அடைக்கலநாதன் சம்மாட்டியார் அப்படி நினைக்கவில்லை. சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களைத் தொழிலுக்குக் கொண்டுபோகிறவர். அறுபது வயது, தடித்த கழுத்து, மெல்லக் கதைக்கத் தெரியாது. தை மாதம் எல்லாரையும் கூட்டினார்.

"ஊருக்குப் போறது எப்பவோ. அதுமட்டும் சேலைக்குப் பின்னாலை இருக்கேலாது. கொட்டிலை உடைப்பம். கல்லு இருக்கு, சுண்ணாம்பு சுடலாம். சீமெந்து இல்லாட்டி என்ன, எங்கடை பாட்டன்மார் சீமெந்திலையே கோயில் கட்டினவங்கள்?"

வலைக்கயிற்றைப் பிடித்து அவரே நிலத்தை அளந்தார். றோட்டுப் பக்கம் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் ஒரு வரிசை, நடுவில் ஒரு ஒழுங்கை. வீட்டோடு வீடு ஒட்டி, இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். றோட்டு வரிசையில் முன்னறை கடை, உள்ளே குடியிருப்பு. பின் வரிசைக்குக் கடை இல்லாததால் முற்றம் கொஞ்சம் கூட. பழைய கந்தோரின், நான் ரைப் அடித்த அலுவலகத்தின், மேல்மாடியை மூன்று அறையாகப் பிரித்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுவது. எல்லாருக்கும் ஒரே கிணறு.

எங்கள் அயல் ஆட்கள் பார்க்க வந்தார்கள். எங்களுக்கு வேலியில்லாமல் நித்திரை வராது. என் பெரியப்பா முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, வேலி எங்கை?" என்றார்.

"என்ன வேலி?" என்றார் சம்மாட்டியார்.

"ஒருத்தன்ரை கதை மற்றவனுக்குக் கேக்குமே!"

"கேட்டால் என்ன, அவனும் சேர்ந்து கதைப்பான்."

பெரியப்பா அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி வியந்துகொண்டிருந்தார்.

வேலையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீடுகள் முடியும் வரைக்கும் எது யாருடையது என்று யாருக்கும் தெரியக்கூடாது. மீன் கரைக்கு வருமுன் யாரும் பங்கு கேட்பதில்லை, அதே முறைதான் என்றார் சம்மாட்டியார். எனக்கு அது பிடித்திருந்தது. நாளைக்குத் தனக்கே வரக்கூடும் என்று எல்லாரும் எல்லாச் சுவரையும் நேராகக் கட்டினார்கள்.

கூரைக்குப் பனைமரம் வேண்டும். அதற்குத்தான் சவர்க்காரம். நானும் அருமையக்காவும் வாய்க்காலை வெட்டி, உருக்கி, கட்டியாக்கி, இரண்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். அளவெட்டியில் ஒரு நாதஸ்வர வித்துவான் வீட்டை என்னால் மறக்க முடியாது. கோயிலில் வாசிக்கப் போகும் மனிசன், வேட்டி பழுப்பேறிக் கிடக்கிறது. சவர்க்காரத்தைக் கண்டதும் முகர்ந்து பார்த்தார், பெண்சாதியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு நான்கு பனை தந்தார். அது போதாதென்று நாதஸ்வரத்தை எடுத்து மல்லாரியில் ஒரு துண்டு வாசித்தார். மல்லாரி என்றால் சுவாமி புறப்படும்போது வாசிப்பது. சவர்க்காரம் விற்க வந்த இரண்டு கன்னிகளுக்கு மல்லாரி! திரும்பி வரும் வழி முழுக்க நாங்கள் சைக்கிளை நேராக ஓட்டவில்லை.

பதினான்கு மாதம் வேலை நடந்தது. அருமையக்கா காலையில் சமைத்தார், பகலில் கல் சுமந்தார், பின்னேரம் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார். எந்த வீட்டுக்குள் போனாலும் ஒரு நிமிசம் நடு அறையில் நின்று, றோட்டுப் பக்கம் பார்ப்பார். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

இனி நான் வெட்கப்படும் இடத்துக்கு வருகிறேன். யார் யாருக்கு வீடு என்ற பட்டியலை ரைப் அடித்தவள் நான். ஐந்து ஆண்கள் கூடி இருந்து பேர் சொன்னார்கள். தலைப்பு 'குடும்பத் தலைவர்'. சிமியோன், நீக்கிலாப்பிள்ளை என்று இருபத்துமூன்று பேர் வந்தது. அருமைநாயகி வரவில்லை. நான் அடிப்பதை நிறுத்திக் கேட்டேன்.

"அருமை சிமியோன்ரை வீட்டிலை தானே" என்றார் சம்மாட்டியார்.

"சிமியோனுக்கு ஆறு பிள்ளையள். எந்த வீடு விழுந்தாலும் உள்ளுக்கை ஒரு அறைதான். அவ எங்கை படுக்கிறது?"

"குசினிக்கை, அடுப்படியிலை படுப்பா. தனிச்ச பொம்பிளைக்கு வீடு என்னத்துக்குப் பிள்ளை? ஆம்பிளைத் துணை வேண்டாமே?"

சிமியோன் நல்லவன். "அக்காவை நான் விடுவனே?" என்று உண்மையாகவே கண் கலங்கினான். கலங்கிய கண்ணோடு கதைக்க முடியாது. நான் ரைப்பை அடித்து முடித்தேன். கையெழுத்து வாங்கினேன். வீட்டுக்குப் போய் அம்மாவோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன்.

அருமையக்காவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நானும் சம்மாட்டியாரிட்டை ஒருக்காக் கேட்டனான். இதைத்தான் சொன்னவர்" என்றார். அவ்வளவுதான். அன்று அவர் வைத்த குழம்பில் உப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

தொண்ணூற்றிரண்டில், உயிர்த்த ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை காலை, பங்கு பிரிப்பது என்று வைத்தார்கள். கரையில் மீன் பங்கு பிரிப்பதை நீங்கள் கண்டிருக்கிறீர்களோ தெரியாது. மீனைக் கும்பி கும்பியாகக் குவித்துப் போடுவார்கள். ஒருவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். சம்மாட்டி தனக்கு விருப்பமான கும்பியைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். பாராமல் நிற்பவர் ஒரு பேர் சொல்வார். சொன்ன பேர் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கும்பி எல்லாம் முடியும் வரைக்கும் அவர் திரும்பவும் கூடாது. பேர் சொல்பவருக்கு அந்த மீனில் பங்கு இருக்கவும் கூடாது.

பங்கில்லாத ஆள் யார் என்று தேடினார்கள். சுவாமியார் வருத்தத்தில் படுத்துக் கிடந்தவர்களுக்கு நற்கருணை கொடுக்கப் போயிருந்தார், நான் பட்டியலில் எழுதவேண்டும்.

"அருமை நிக்கட்டும்" என்றார் சம்மாட்டியார். "அவவுக்குத்தான் பங்கில்லை. எல்லாற்றை பேரும் பாடம்."

"உங்களுக்கு நெஞ்சிலை ஈரமில்லையோ?" என்று கத்திவிட்டேன். அருமையக்கா என் கையைப் பிடித்து, "நீ சும்மா இரு, பத்மா. நான் சொல்லுறன்" என்றார். கந்தோர்ச் சுவரடிக்குப் போய், எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினார்.

சம்மாட்டியார் முன் வரிசையில் ஒரு கதவைத் தட்டினார். "இது ஆருக்கு?"

"நீக்கிலாப்பிள்ளை!"

கடை வீடு! நீக்கிலாப்பிள்ளையின் பெண்சாதி துள்ளினார். சம்மாட்டியார் ஒழுங்கைக்குள் போய்ப் பின் வரிசையில் ஒன்றைத் தட்டினார், பிறகு முன்னுக்கு வந்தார், மறுபடி பின்னுக்குப் போனார். ஒவ்வொரு தரமும் "இது ஆருக்கு?" என்று கடற்கரைக் குரலில் கேட்டார். ஒவ்வொரு தரமும் அருமையக்கா தடுமாறாமல் ஒரு பேர் சொன்னார். சைக்கிள் திருத்துபவனுக்குக் கடை வீடு விழுந்தது. தன் புருசனுக்குப் பின் வீடு விழ, தையல்காரி பெர்னடெட்டின் முகம் சுருங்கி, முற்றத்தைப் பார்த்ததும் மறுபடி மலர்ந்தது. சனம் கை தட்டியது, விசிலடித்தது. சிமியோனுக்கும் கடை வீடு. அவனுடைய பெண்சாதி யசிந்தா மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். இருபத்துமூன்றாவதாகச் சம்மாட்டியாரின் பேரையே சொல்லிவிட்டு அருமையக்கா மூச்சு விட்டார்.

"இது ஆருக்கு?"

சம்மாட்டியார் முன் வரிசையில் ஒரு கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது ஆருக்கெண்டு கேக்கிறன், அருமை!"

"பேர் முடிஞ்சுது" என்றார் அருமையக்கா, சுவரைப் பார்த்தபடியே.

நான் பட்டியலைப் பார்த்தேன். இருபத்துமூன்று. நீக்கிலாப்பிள்ளை கதவுகளை எண்ணினார். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு. பதினான்கு மாதம் கல் சுமந்திருக்கிறோம், ஒருவரும் எண்ணவில்லை! நான் ஒரு வீடு சுவாமியாருக்கென்று நினைத்திருந்தேன். வேறொருவர் அது கூட்டுறவுச் சங்கக் கடைக்கென்று நினைத்திருந்தாராம்.

"அளந்தது நீங்கள் தானே, சம்மாட்டியார்?" என்று கேட்டேன்.

அவர் விரல் மடித்து எண்ணிப் பார்த்தார். அந்தத் தடித்த கழுத்து மெல்ல மெல்லச் சிவந்தது. "வலைப்பங்கு" என்றார், முதன்முதலாக மெல்லிய குரலில்.

கடலில் பிடித்த மீனை ஆட்களுக்கு மட்டும் பிரிப்பதில்லை, வலைக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். வலை கிழிந்தால் தைக்க அது. நாற்பது வருசமாக இந்த மனிசன் எதைப் பிரித்தாலும் வலைக்கொன்று கூடப் போட்டுப் பழகிய கை. நிலத்தைப் பிரிக்கும்போதும் கை தன் பாட்டில் போட்டுவிட்டது.

சிரிப்பு வெடித்தது. "வலை குடியிருக்கப் போகுதோ?" "வலைக்குக் கடையும் வேணுமாம்!" சம்மாட்டியாரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் ஆசை விடுமா? ஐந்து நிமிசத்தில் யோசனைகள் வந்துவிட்டன. ஒருவர் சங்கத்துக்கு என்றார். ஒருவர் உண்மையாகவே வலை வைக்கலாம் என்றார். நீக்கிலாப்பிள்ளை தன் மகளுக்குக் கலியாணம் வருகிறது என்று இழுத்தார். ஒருவர் குரலுக்கு மேல் ஒருவர் குரல் ஏறியது. அருமையக்கா அங்கே நிற்பதையே மறந்துபோனார்கள். அவர் திரும்பவில்லை. திரும்பக்கூடாதே.

"சம்மாட்டியார்!"

சுவரடியிலிருந்து குரல் வந்தது. எல்லாரும் வாயை மூடினார்கள்.

"நீங்கள் கேட்டனீங்கள், நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை. திருப்பிக் கேளுங்கோ."

சம்மாட்டியார் என்னைப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். அவர் கதவில் கையை வைத்தார்.

"இது ஆருக்கு?"

"அருமைநாயகிக்கு."

நீக்கிலாப்பிள்ளைதான் முதலில் கத்தினார். "பேர் சொல்லுற ஆளுக்குப் பங்கில்லை!"

"ஓம், இருபத்துமூண்டிலை எனக்குப் பங்கில்லை, அதைச் சொல்லி முடிச்சிட்டன்" என்றார் அருமையக்கா. "இது வலையின்ரை பங்கு. பதினாலு மாசம் உங்கள் எல்லாருக்கும் சோறு போட்டன், கல்லுச் சுமந்தன், ஊர் ஊராப் போய்க் கூரை கொண்டந்தன். வலை என்ன செய்தது? சுருண்டு கிடந்தது! அதுக்கு வீடு குடுப்பியள், எனக்குக் குடுக்க மாட்டியளோ? நான் பேர் சொல்லிப்போட்டன். சொன்ன பேர் சொன்னதுதான்."

"அப்பிடிப் போடு மச்சாள்!" என்று கூவினாள் யசிந்தா. நாத்தனாருக்கு வீடு கிடைப்பதில் அவளுக்கு ஏன் அவ்வளவு சந்தோசம் என்று ஒரே குசினியில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சிமியோன் பெண்சாதியைப் பார்த்தான், அக்காவின் முதுகைப் பார்த்தான், வழக்கம்போலக் கண் கலங்கினான்.

சம்மாட்டியார் நீக்கிலாப்பிள்ளையிடம் திரும்பினார். "கரையிலை சொன்ன பேரை எப்பவாவது மாத்தியிருக்கிறமோ?"

நீக்கிலாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். "இல்லை."

"பிறகென்ன?" சம்மாட்டியாரின் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "அருமைநாயகிக்கு! பிள்ளை, எழுதும்!"

என்னிடம் பேனை இருந்தது, ஆனால் எழுத்துத் தெரியவில்லை. அழுதுகொண்டு எப்படி எழுதுவது? இருபத்துநாலு என்று இலக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மூக்கைத் துடைத்தேன்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டார் அருமையக்கா. "நான் திரும்பலாமோ?"

"திரும்பணை!" என்று இருபத்துமூன்று குடும்பமும் கத்தியது.

திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர். கதவு கதவாகப் பார்த்தார். பாவம், எந்தக் கதவைத் தட்டிக் கேட்டார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"எது?" என்றார். "எனக்கு எது?"

ஒருவர் வாய் திறக்குமுன் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டார், நேரே பின் வரிசைக்கு. நாங்கள் எல்லாரும் ஒரே குரலில், "அங்கை இல்லை! இஞ்சாலை! றோட்டுப் பக்கம்!" என்று அலற, ஒழுங்கையில் பாதி வழியில் நின்று திரும்பி, "விலகுங்கோ, விலகுங்கோ!" என்று சிரித்துச் சிரித்துக் கத்திக்கொண்டு எங்களுக்குள்ளால் ஓடி வந்தார்.